வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் பிள்ளைக்கு உதவுதல்: யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் முதற்பட்டம் படிப்பதற்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இன்றும் தொடர்கிறது. அப்படியிருந்தும், குருநகரில் கடற்றொழில் செய்பவரின் பிள்ளையும், வலிகாமம் வடக்கில் மீளக்குடியேறிய கூலித் தொழிலாளியின் பிள்ளையும், ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சமமான பெறுபேற்றை எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த வாய்ப்புக் கிடைக்காமல் பின்தங்கிவிடுவதை இங்கு பலரும் கண்டிருக்கிறோம். ஆசிரியர் வீட்டில் எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடம் வேண்டும், விண்ணப்பம் எப்போது வரும், யாரிடம் கையொப்பம் வாங்கவேண்டும் என்பனவெல்லாம் இராச் சாப்பாட்டு வேளையிலேயே பேசி முடிந்துவிடுகின்றன. மற்ற வீட்டில் அவற்றைப் பேசுவதற்கு ஆளில்லை.

இந்தக் கட்டுரை, ஊர்ச் சனசமூக நிலையத்திலோ பழைய மாணவர் சங்கத்திலோ இருந்துகொண்டு, அல்லது தானே கம்பஸில் படித்துக்கொண்டு, இத்தகைய பிள்ளைகளுக்கு உதவப் புதிதாக முன்வருபவர்களுக்கானது. உதவி என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது பணம். பணத்துக்கு உரிய இடமும் காலமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். ஆனால் பதினோராம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு வரையில் எந்த வேலை எந்த ஒழுங்கில் வருகிறது என்பதை அறிந்த ஒருவர் அருகில் இருப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவது.

தொடங்குமுன்

ஒருவர் ஒரே காலத்தில் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு மேல் பொறுப்பேற்காதிருப்பது நல்லது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே தொடங்குங்கள்; உயர்தரப் பெறுபேறு வந்தபின் தொடங்கினால் திருத்தக்கூடியவை மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும். முதலில் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருடன் பேசுங்கள். தந்தை இல்லாத, தாயே குடும்பத்தைக் கொண்டுநடத்தும் வீடுகள் வடக்கில் ஏராளம். அத்தகைய வீட்டுக்கு ஊரறிந்த ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு செல்வது முறை. பெற்றோரிடம் எதையும் வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். "பிள்ளையை எஞ்சினியர் ஆக்கித் தருவோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை அவர்கள் முன்னரும் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சைக்கிளையோ கொப்பிகளையோ கையில் கொடுத்து, பிள்ளையை நடுவில் நிறுத்திப் படமெடுத்து, முகநூலில் போடும் வழக்கம் இங்கு வேரூன்றிவிட்டது. வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பியவர் கணக்குக் கேட்பது நியாயம். அவருக்குப் பற்றுச்சீட்டை அனுப்பலாம். பிள்ளையின் வறுமையைப் படமாக அனுப்பவேண்டிய தேவை எதுவும் இல்லை. அந்தப் படத்தை வகுப்பிலுள்ள எல்லோரும் பார்ப்பார்கள் என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளை நம்மைவிட நன்றாக அறியும்.

ஆவணங்களைச் சரிபார்த்தல்

இதைப் பெரும்பாலானோர் கடைசிக்கு ஒத்திவைக்கிறார்கள். நான் இதையே முதல் வேலையாக வைக்கச் சொல்வேன். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பரீட்சைக்கான பதிவு, பெறுபேற்றுச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே மேசையில் விரித்து, பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழில் ஒன்றாக இருக்கும் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக இருப்பது இங்கு சாதாரணம். ஒரு தாளில் "டி" எழுத்தையடுத்து "எச்" நிற்கும், மற்றதில் "டி" மட்டும் நிற்கும். ஒன்றில் தந்தையின் பெயர் முன்னால் வரும், மற்றதில் தலைப்பெழுத்தாகச் சுருங்கியிருக்கும். இடப்பெயர்வுக் காலத்தில் மூல ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்களில் பெற்றோரின் பதிவுகளிலும் இதே சிக்கல் இருக்கலாம்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் பெறலாம்; திருத்தம் தேவைப்பட்டால் அதற்கான வழியையும் அங்கேயே சொல்வார்கள். திருத்தம் மாதக்கணக்கில் இழுபடக்கூடும். ஆகவேதான் பதினோராம் ஆண்டிலேயே பார்க்கச் சொல்கிறேன். அடையாள அட்டைக்குப் பதினைந்து வயது நிறைந்ததும் விண்ணப்பிக்கலாம். பாடசாலை மாணவருக்கு அதிபர் ஊடாகவே அந்த வேலை நடக்கும்.

அடுத்தது மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும். இங்கு இணைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் சந்தியிலுள்ள கொமினிக்கேசன் கடைகளில்தான் நிரப்பப்படுகின்றன. கடைக்காரர் அவசரத்தில் தாமே ஒரு மின்னஞ்சலைத் திறந்து, கடவுச்சொல்லையும் தாமே வைத்து, சில வேளைகளில் தம் கடை எண்ணையே கொடுத்து விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வரிசையில் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள். ஆனால் சில மாதங்களின்பின் விண்ணப்பத்தில் திருத்தம் கோரியோ தெரிவு பற்றியோ தகவல் வரும்போது அது பிள்ளைக்குப் போய்ச் சேராது. எனவே பிள்ளையின் சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறக்கச் செய்து, கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். தந்தையின் அல்லது தாயின் எண்ணைக் கொடுத்தால், பல்கலைக்கழகப் பதிவு முடியும்வரை அந்தச் சிம்மை மாற்றவேண்டாம் என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். மூல ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் இட்டு, தலா ஐந்து போட்டோக்கொப்பிகளும் அவற்றில் சிலவற்றுக்குச் சமாதான நீதவானின் உறுதிப்படுத்தலும் எடுத்துவைத்தால், பின்னால் வரும் பதற்றம் பாதியாகக் குறையும்.

உயர்தரத் துறையைத் தெரிவு செய்தல்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில்தான் பிள்ளையின் எதிர்காலத்தில் பெரும்பங்கு முடிவாகிறது. அந்த மாதங்களில் ரியூட்டரிகள் வகுப்புகளைத் தொடங்கிவிடுவதால், நண்பர்கள் எந்த வகுப்புக்குப் போகிறார்களோ அந்தத் துறைக்கே பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிடுவது வழமை.

முதலில் பாடசாலையின் வகையைப் பாருங்கள். 1ஏபி பாடசாலைகளில் மட்டுமே உயர்தர விஞ்ஞானத் துறை உண்டு. 1சி பாடசாலைகளில் கலையும் வர்த்தகமும் இருக்கும். இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராம் ஆண்டோடு முடிந்துவிடும். தீவகத்திலோ வடமராட்சி கிழக்கிலோ ஒரு சிறிய பாடசாலையில் படித்து, விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல சித்தி எடுத்த பிள்ளை, அங்கே அந்தத் துறை இல்லை என்பதற்காகவே கலைத்துறையில் சேர்வதுண்டு. கலைத்துறையை விரும்பிப் படிப்பது வேறு, வேறு வழி தெரியாமல் படிப்பது வேறு. பாடசாலை மாற வேண்டுமென்றால் போக்குவரத்து, தங்குமிடம், இரண்டு ஆண்டுச் செலவு ஆகியவற்றை அப்போதே கணக்கிட்டுப் பெற்றோருடன் பேசவேண்டும்.

மாறும் முன் இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் விஞ்ஞானம், வர்த்தகம் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன; கலைத்துறைக் கற்கைநெறிகள் பெரும்பாலும் அகில இலங்கைத் தரவரிசைப்படியே நிரப்பப்படுகின்றன. ஒருவருடைய மாவட்டம் எது என்பது, உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் அவர் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதைக்கொண்டே பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது. முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளையை, நன்மை செய்வதாக எண்ணி யாழ்ப்பாண நகரப் பாடசாலை ஒன்றுக்குக் கொண்டுவருவோர், மருத்துவம் போன்ற கற்கைநெறிகளுக்கு யாழ்ப்பாண மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான மிகக் குறைந்த புள்ளி) அந்த மாவட்டங்களினதைவிட உயர்ந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூலிலுள்ள மாவட்ட விதிகளை வாசித்து, அதிபரிடமும் கேட்டபின்னரே இந்த முடிவை எடுக்கவேண்டும்.

இசட் புள்ளி பற்றிய தவறான எண்ணங்களை இந்தக் கட்டத்திலேயே களைந்துவிடுங்கள். 2001 முதல் அனுமதி இசட் புள்ளியின்படியே நடக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்த ஆண்டு அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, வரும் எண்ணை நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு) வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி வரும். மூன்று பாடங்களினதையும் கூட்டி மூன்றால் வகுத்தால் இறுதி இசட் புள்ளி. கணக்குக்காக ஒரு உதாரணம் பார்ப்போம். சராசரி 45, நியம விலகல் 15 ஆக உள்ள பாடத்தில் 75 எடுத்தால் இசட் புள்ளி 2.0. சராசரி 60, நியம விலகல் 10 ஆக உள்ள பாடத்தில் அதே 75 எடுத்தால் 1.5 மட்டுமே. "இந்தப் பாடம் இலேசு, அள்ளிப் போடுவார்கள்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பாடம் எடுப்பதால் நினைத்த பயன் கிடைக்காது என்பதை இந்தக் கணக்கைப் பிள்ளையின் கையாலேயே செய்யவைத்துக் காட்டுங்கள். தனக்குப் பிடித்த, தன்னால் மற்றவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய பாடத்தை எடுப்பதுதான் கணக்கின்படியும் சரியானது.

2013 இல் தொடங்கிய தொழினுட்பத் துறையைப் பற்றி வீடுகளில் இன்னமும் சரியாகத் தெரியாது. பொறியியல் தொழினுட்பம், உயிர்முறைமைகள் தொழினுட்பம் ஆகியவற்றில் கற்றவர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் தனியான பட்டக் கற்கைநெறிகள் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்பப் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இதை ஒரு நல்ல வழியாகவே சொல்லுங்கள். கணிதமும் விஞ்ஞானமும் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்ற ஊர்ப்பேச்சைச் சேர்த்துச் சொல்லவேண்டாம்.

படிக்கும் இரண்டு ஆண்டுகள்

கற்பிப்பது ஆசிரியர்களின் வேலை. நீங்கள் இன்னொரு ரியூசன் வகுப்பை நடத்தவேண்டியதில்லை. பிள்ளைக்கு மேசையும் வெளிச்சமும் சத்தமில்லாத இடமும் உண்டா என்று பாருங்கள். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அது கிடைக்காது. சனசமூக நிலையத்தின் வாசிகசாலை பெரும்பாலும் காலையில் பத்திரிகை படிப்பவர்களோடு முடிந்துவிடுகிறது. மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணிவரை அதைத் திறந்துவைத்து, ஒரு பெரியவரைப் பொறுப்பாக அமர்த்தினால், ஊரிலுள்ள பத்துப் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் கிடைக்கும். நகரத்துக்கு அண்மையில் இருப்போருக்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் இருக்கிறது.

ரியூசன் வேண்டுமா என்ற கேள்விக்குப் பாடத்தைப் பொறுத்தே விடை சொல்லவேண்டும். பாடசாலையில் ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இருவேறு ஆசிரியர்களிடம் ஓடுவது வீண். கட்டணம் கட்ட இயலாத பிள்ளைக்கு விலக்களிக்கும் ஆசிரியர்கள் இங்கு பலர் உள்ளனர். பிள்ளை தானாகக் கேட்கக் கூச்சப்படும். நீங்கள் போய்த் தனியாகக் கேளுங்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் பாட வழிகாட்டிகளும், கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலுள்ள பாடங்களும் இலவசம். கடந்தகால வினாத்தாள்களைப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடு சேர்த்துச் செய்யவையுங்கள். எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்தப் படிக்குப் புள்ளி என்பது அதில்தான் தெரியும்.

மூன்று பாடங்களில் மட்டும் கண்ணாக இருந்து, உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொது அறிவுத் தாளான பொதுச் சாதாரண பரீட்சையைக் கைவிடும் பிள்ளைகளும் உள்ளனர். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைவதோடு, இந்தப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் எடுத்திருக்கவேண்டும்.

பரீட்சை முடிந்தபின் உள்ள காலம்

உயர்தரப் பரீட்சை எழுதிய நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் பதியும் நாள்வரை ஓராண்டுக்கு மேலாகவும் ஆகலாம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் இந்தக் காலத்தில் ஆங்கிலமும் கணினியும் படிக்கிறார்கள். வறிய வீட்டுப் பிள்ளை கடைக்கோ மேசன் வேலைக்கோ போகும். உழைப்பதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளாவது ஆங்கிலத்துக்கு ஒதுக்கவையுங்கள். உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கிலத்தில் படிக்கவேண்டியிருப்பது, முதலாம் ஆண்டில் இந்தப் பிள்ளைகள் தடுமாறுவதற்கு மிகப் பெரிய காரணம். இலக்கணப் பயிற்சியைவிட, அவர்கள் ஏற்கெனவே தமிழில் நன்கறிந்த உயர்தரப் பாடத்தின் ஓர் அலகை ஆங்கிலத்தில் வாசிக்கவைப்பது விரைவில் பலன் தரும். பொருள் தெரிந்திருப்பதால் சொற்கள் தாமாகவே படியும்.

கைந்நூலும் விண்ணப்பமும்

பெறுபேறு வெளியானபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதிக் கைந்நூலை வெளியிட்டு, இணையவழியில் விண்ணப்பங்களை ஏற்கும். அதற்குக் கிடைப்பது சில வாரங்களே. தமிழிலும் வரும் அந்தக் கைந்நூலைப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள். கொமினிக்கேசன் கடையில் நின்றுகொண்டு தெரிவுகளை இடும் நிலைக்கு விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலுமுள்ள ஒவ்வொரு கற்கைநெறிக்கும் யுனிகோட் என்ற தனிக் குறியீடு உண்டு. பிள்ளை தன் விருப்ப ஒழுங்கில் இந்தக் குறியீடுகளை வரிசைப்படுத்தவேண்டும். இங்குதான் பெருந்தவறு நடக்கிறது. கிடைக்கக்கூடியது எதுவென்று ஊகித்து அதை முதலில் போட்டுவிட்டு, உண்மையில் விரும்பியதைக் கீழே போடுகிறார்கள். தெரிவு மேலிருந்து கீழாகவே பார்க்கப்படும். மேலே உள்ளதற்கு இசட் புள்ளி போதுமானால் அதுவே கிடைக்கும், கீழே இருப்பவை அதன்பின் கவனிக்கப்படா. எட்டாத ஒன்றை முதலில் போடுவதால் அடுத்ததற்கான வாய்ப்பு எந்த விதத்திலும் குறைவதில்லை. உயிரியல் விஞ்ஞானம் படித்து, மருத்துவத்துக்குச் சற்றுக் குறைவான புள்ளி பெற்ற வடமராட்சிப் பிள்ளை ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மருத்துவ பீடங்களை முதலில் இட்டு, அதன்கீழ் யாழ்ப்பாணத்தின் சித்த மருத்துவம், தாதியியல், மருந்தாளர் கற்கை, கிளிநொச்சியிலுள்ள விவசாயம், பின்னர் உயிரியல் விஞ்ஞானம் என்று தன் விருப்பப்படி இறங்கலாம். சித்த மருத்துவமா தாதியியலா முன்னால் என்பதை அவரே தீர்மானிக்கவேண்டும். அந்தத் தொழில்களைச் செய்யும் இருவருடன் அவரைப் பேசவைப்பதோடு உங்கள் பங்கு முடிகிறது.

சென்ற ஆண்டின் மாவட்ட வெட்டுப்புள்ளிகளை எடுத்துப் பாருங்கள். ஆனால் அவை இந்த ஆண்டும் அப்படியே இருக்குமென்று நம்பாதீர்கள். இசை, நடனம், கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குத் தனி விண்ணப்பமும் தனி இறுதித் திகதியும் இருக்கும். சில கற்கைநெறிகள் சாதாரண தரத்தின் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறிப்பிட்ட சித்தியைக் கேட்கும். இவற்றையெல்லாம் கைந்நூலில் அந்தந்தக் கற்கைநெறியின் பகுதியில் பாருங்கள்.

தூரமும் ஒரு விடயம். பெண்பிள்ளைக்கு மாத்தறையிலுள்ள ருகுணுவிலோ மிகிந்தலையிலுள்ள ரஜரட்டையிலோ இடம் கிடைக்கக்கூடும் என்றால், "பொம்பிளைப்பிள்ளையை உவ்வளவு தூரம் தனிய எப்பிடி அனுப்புறது?" என்று தாய் கேட்பார். அந்தக் கேள்வியைப் பிற்போக்கு என்று தள்ளாதீர்கள். அங்கே படித்த அல்லது படிக்கும் ஊர்ப்பெண் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்து, விடுதி எப்படி, பஸ் எப்படி, கூட யார் இருந்தார்கள் என்பதைத் தாய்க்கு நேரே சொல்லவையுங்கள். இதைத் தெரிவுகளை இடும் முன்னரே செய்துவிடவேண்டும். ஏனென்றால் ஒரு கற்கைநெறியில் பதிந்தபின் அதை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்க முடியாது. உள்ளூரே போதும் என்று நினைப்பவர்களும் கவனிக்கவேண்டும்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றாலே திருநெல்வேலி என்பதில்லை. பொறியியல், விவசாயம், தொழினுட்பம் ஆகிய பீடங்கள் கிளிநொச்சியில் இருப்பதால் அவற்றில் படிப்பவருக்கும் அறை வாடகை வரும்.

இடம் கிடைக்காவிட்டால்

உயர்தரத்துக்குத் தோற்றும் மாணவர்களில் சிறுபகுதியினருக்கே அரச பல்கலைக்கழக இடம் இருக்கிறது. இடம் கிடைக்காத பிள்ளையை ஊர் "பெயில்" என்றுதான் பேசும். மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளைக்கும் அதே பெயர்தான். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள்வரை பரீட்சைக்குத் தோற்றலாம். இரண்டாம் தடவை பெரும்பாலும் பயனுள்ளது. மூன்றாம் தடவைக்கு முழு ஆண்டையும் ஒதுக்குமுன், வெட்டுப்புள்ளிக்கும் பிள்ளையின் புள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து, ஒளிவுமறைவின்றிப் பேசுங்கள்.

மற்ற வழிகளும் குறைந்தவையல்ல. கோப்பாயிலுள்ள யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியும் வவுனியாவிலுள்ள கல்வியியற் கல்லூரியும் ஆசிரியப் பயிற்சி தருகின்றன. மூன்று ஆண்டு முடிவில் அரச ஆசிரிய நியமனத்துக்கு வழியிருப்பதால், உடனடியாக வருமானம் தேவைப்படும் குடும்பத்துக்கு இதையே நான் முதலில் சொல்வேன். யாழ்ப்பாணத்திலுள்ள உயர் தொழினுட்ப நிறுவனத்தில் கணக்கியல், தகவல் தொழினுட்பம், ஆங்கிலம் முதலியவற்றில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். தொழினுட்பவியல் கல்லூரி, கிளிநொச்சியிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகியவற்றில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ்கள் பெறலாம். இந்தச் சான்றிதழ்கள் ஏணிபோல மட்டம் மட்டமாக உயரும்; அதில் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. தாதியர் பயிற்சிக்கான விண்ணப்பம் வர்த்தமானியில் வரும். வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் இருக்கிறது. அங்கே கட்டணம் உண்டு.

நகரத்தில் பெரிய பதாகைகளுடன் வெளிநாட்டுப் பட்டம் விற்கும் தனியார் நிறுவனங்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அந்தப் பட்டம் மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா, அரச வேலைக்கு ஏற்கப்படுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். நகையை அடகுவைத்து முதல் தவணை கட்டியபின் கேட்டுப் பயனில்லை.

பணம்: எப்போது, எவ்வளவு, எவ்வாறு

பதிவுக் காலத்தில் மகாபொல புலமைப்பரிசிலுக்கும், மாணவர்கள் பேர்சரி என்றழைக்கும் உதவுப்பணத்துக்கும் விண்ணப்பிக்கவேண்டும். 1981 இல் உருவான மகாபொல நிதியத்தின் மாதாந்தத் தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், பேர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. இரண்டுக்கும் குடும்ப வருமானத்தை நிரூபிக்கவேண்டும். பெரியவர்கள் இன்னும் விதானையார் என்றழைக்கும் கிராம அலுவலரின் சான்றிதழும், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் தேவைப்படும். நாட்கூலி வாங்கும் தந்தைக்கு மாதச் சம்பளத் துண்டு இருக்காது. கடலுக்குப் போகும் நாட்கள், போகாத மாதங்கள், கடன் ஆகியவற்றைச் சொல்லி வருமானத்தைச் சரியாகப் பதிவதற்கு அவருக்குத் துணை தேவைப்படலாம். உள்ளதையே எழுதச் செய்யுங்கள். வெட்கத்தால் வருமானத்தைக் கூட்டிச் சொல்லும் தந்தையர் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இந்தப் பணத்தின் முதற்தவணை கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். ஆனால் செலவோ முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும்: விடுதி அல்லது அறைக்கான முற்பணம், மெத்தை, பஸ், சாப்பாடு, சில பீடங்களில் ஆய்வுகூட மேலங்கி, பின்னர் மடிக்கணினி. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்ததும் மேடையில் ஒரு பெருந்தொகையைக் கொடுத்து முடிக்கும் சங்கங்கள், அந்தப் பணத்தைப் பதிவு நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு மாதாமாதம் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் பயன் பன்மடங்காகும். மேடையில் கொடுத்த பணம் அநேகமாக வீட்டுக் கடனுக்கே போகும். அதில் குற்றமுமில்லை, கடன் கழுத்தை நெரிக்கும்போது வேறென்ன செய்வார்கள்? மடிக்கணினியைப் புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. படித்து முடித்த ஒருவரிடமிருந்து பழையதை வாங்கிப் பழுதுபார்த்துக் கொடுக்கலாம்.

முதலாம் ஆண்டு

இடம் கிடைத்ததோடு தம் வேலை முடிந்ததென்று விலகிவிடுவோரே அதிகம். அதனாலேயே சிலர் முதலாம் ஆண்டில் இடைவிலகுகிறார்கள்.

பகிடிவதை பற்றி முன்கூட்டியே பேசுங்கள். தெரிவுப் பட்டியல் வெளியானதும் சிரேஷ்ட மாணவர்கள் வாட்சப்பில் அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். உண்மையான உதவியும் வரும், இரவிரவாகத் தூங்கவிடாத தொல்லையும் வரும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். யாரிடம் முறையிடலாம் என்பதை, அதாவது பீடத்தின் மாணவ ஆலோசகர், மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டுப் பிரிவு ஆகியவற்றைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். "சமாளிச்சுப் போ" என்று சொல்லும் பெரியவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு வேறுவிதமாகச் சொல்ல ஒருவராவது இருக்கட்டும்.

வரவும் முக்கியம். பல்கலைக்கழகங்களில் பொதுவாக 80 வீத வரவு இல்லாதவர் அரையாண்டுப் பரீட்சைக்குத் தோற்ற முடியாது. தாய் ஆஸ்பத்திரியில், தம்பியைப் பார்க்க ஆளில்லை, அல்லது கையில் பஸ் காசில்லை என்ற காரணங்களால் இரண்டு வாரம் வீட்டில் நின்ற பிள்ளைக்கு, அதை யாரிடமும் சொல்லவேண்டும் என்றே தெரியாது. நோய் என்றால் மருத்துவச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் பீட அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். குடும்பப் பிரச்சினை என்றால் மாணவ ஆலோசகரிடம் அன்றே சொல்லவேண்டும். முதல் அரையாண்டின் நடுப்பகுதியில் ஒருமுறையும் பரீட்சைக்கு இரண்டு வாரம் முன் ஒருமுறையும் அழையுங்கள். "எப்பிடிப் போகுது?" என்று கேட்டால் "பரவாயில்லை அண்ணா" என்ற பதிலே வரும். எத்தனை விரிவுரைக்குப் போகவில்லை, எந்தப் பாடம் ஆங்கிலத்தில் விளங்கவில்லை, இந்த மாதம் சாப்பாட்டுக்கு என்ன செய்தாய், மகாபொல வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வரவில்லையென்றால் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் எந்த மேசையில் கேட்கவேண்டும் என்பதையும் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.